வாசலைத் தாண்டிய ரூபாய்

உங்கள் பேங்க் அக்கவுண்ட்டில் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வதில் என்ன, காசா பணமா?) அதை எடுத்து கிரிப்டோ வாங்கி விற்றுப் பார்க்கலாம் என்று ஆசை. ஆபீஸில் பக்கத்து சீட் ஆசாமி பிட்காயினில் பைக் வாங்கிவிட்டார். மச்சினன், ஏதோ நாய்ப்படம் போட்ட காயினில் ஐபோன் வாங்கிவிட்டான். நீங்கள் மட்டும் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது?

செல்போனில் ஆப் இறக்குகிறீர்கள். பான் கார்டு, ஆதார், ஒரு செல்ஃபி. இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒரு வீடியோ பரிசோதனை. எல்லாம் முடிந்ததும் 'பணம் சேர்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எக்ஸ்சேஞ்சின் அக்கவுண்ட் நம்பர் வருகிறது. உங்கள் பேங்கிலிருந்து அனுப்புகிறீர்கள். ஓ.டி.பி. வருகிறது, போடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் ஆப்பின் உச்சியில் '1,00,000' என்று பளிச்சென்று தெரிகிறது. அதே எண். அதே ரூபாய்க் குறி. பார்த்தால் பேங்க் ஆப்பில் இருந்த மாதிரியேதான் இருக்கும்.

என் புகார் அந்த 'மாதிரியே' மீதுதான். எண் மாறவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற சங்கதி தலைகீழாக மாறிவிட்டது. அதை உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மூன்று பேர். பேங்க், எக்ஸ்சேஞ்ச், சர்க்கார். மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் பி.காம். மூன்று வருஷம் படித்ததில் முக்கால்வாசி மறந்தாயிற்று. ஆனால் முதல் மாதம் சொல்லிக்கொடுத்த பாடம் மட்டும் மறக்கவில்லை: வாங்குகிறவரைப் பற்று வை, கொடுக்கிறவரை வரவு வை. அதாவது எந்தப் பணம் நகர்ந்தாலும், யார் யாருக்குக் கடன்பட்டார்கள் என்று கேள். பேங்கில் நீங்கள் பணம் போட்டால் பேங்க் உங்களுக்குக் கடன்காரன். அந்தக் கடனுக்குச் சட்டம் இருக்கிறது. தலைக்கு மேல் ரிசர்வ் பேங்க் இருக்கிறது. பேங்க் கவிழ்ந்தால் டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதன் வரம்பை 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தினார்கள். (அதற்கு முந்தைய வருஷம் பி.எம்.சி. பேங்க் படுத்து, டெபாசிட்தாரர்கள் மும்பைத் தெருக்களில் நின்று அழுத பிறகுதான் அந்த ஞானோதயம் வந்தது என்பது தனிக் கதை.)

எக்ஸ்சேஞ்சுக்குப் போன ரூபாயை வாங்கியவர் யார்? எந்தத் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறார்? 'இது வாடிக்கையாளருடைய பணம், நான் வெறும் காவல்காரன்' என்றா? அல்லது 'கம்பெனிப் பணம், கேட்கும்போது கொடுப்பேன்' என்றா? முதல் வகை என்றால் கம்பெனி திவாலானாலும் அது உங்களுடையது. இரண்டாவது வகை என்றால் நீங்கள் கடன்காரர்கள் க்யூவில் ஒருவர். அவ்வளவுதான். இந்த ஒற்றைக் கேள்விக்கான பதில் 'பணம் சேர்' பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா? இருக்காது. நீங்கள் படிக்காமல் டிக் அடித்தீர்களே, அந்த நிபந்தனைப் பட்டியலுக்குள் எங்கேயோ இருக்கும்.

ஷேர் மார்க்கெட்டும் இப்படித்தானே சார் என்று கேட்பீர்கள். இல்லை. ஷேர் புரோக்கர் ஒருவர், செட்டில்மெண்ட் செய்கிறவர் இன்னொருவர், உங்கள் ஷேரை உங்கள் பெயரில் வைத்திருக்கும் டெபாசிட்டரி மூன்றாமவர். 2019 நவம்பரில் கார்வி என்கிற பெரிய புரோக்கர், வாடிக்கையாளர்களின் ஷேர்களை அடகு வைத்துக் கடன் வாங்கிய விவகாரம் வெடித்தது. அடுத்த மாதமே பெரும்பாலான வாடிக்கையாளர்களின் ஷேர்கள் அவர்கள் கணக்குக்குத் திரும்பின. காரணம், எது யாருடையது என்று எழுதி வைத்திருந்த நோட்டு புரோக்கர் கையில் இல்லை. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலோ கடைக்காரர், தராசு பிடிக்கிறவர், குடோன் சாவி வைத்திருக்கிறவர் எல்லாரும் அநேகமாக ஒரே ஆள். நீங்கள் அங்கே நாள் முழுக்க வாங்கி விற்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆளின் நோட்டில் நடக்கிற வரவு செலவு. காயின் குடோனை விட்டு நகர்வதே இல்லை.

குடோனில் திருடன் புகுந்தால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டோம்.

2024 ஜூலை 18. வாஸிர்எக்ஸ். இந்தியாவின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்று. ஒரே நாளில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் போயின. நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். கம்பெனி வைத்திருந்த மொத்தச் சொத்தில் ஏறக்குறைய 45 சதவீதம். வடகொரிய ஹேக்கர்களின் வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து அறிக்கை விட்டன.

திருட்டு நடந்த விதத்தைக் கேளுங்கள். அந்தப் பெட்டகத்துக்கு ஆறு கையெழுத்து அதிகாரிகள். எக்ஸ்சேஞ்ச் தரப்பில் ஐந்து பேர், பாதுகாப்புக் கம்பெனி தரப்பில் ஒருவர். எக்ஸ்சேஞ்ச்காரர்களில் மூவரும் பாதுகாப்புக் கம்பெனியும் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும். போட்டார்கள்! திரையில் காட்டிய பரிவர்த்தனை ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்றது எக்ஸ்சேஞ்ச். தப்பு எங்கள் பக்கம் இல்லை என்றது பாதுகாப்புக் கம்பெனி. திரையில் தெரிவதை நம்பி ஏமாறுவது நம்மைப் போன்ற அப்பாவிகளின் ஏகபோகம் என்று நினைத்திருந்தேன். கோடிகளைக் காவல் காத்தவர்களுக்கே அந்த கதி.

இது காயின் கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ரூபாய் கதை. வாஸிர்எக்ஸில் ரூபாயாகவே பணம் வைத்திருந்தவர்கள் உண்டு. நல்ல விலைக்குக் காத்திருந்தவர்கள். விற்றுவிட்டு, பேங்குக்குத் திருப்பி அனுப்ப சோம்பல்பட்டவர்கள். அந்த ரூபாயை எந்த வடகொரியனும் தொடவில்லை. ஆனாலும் அன்றைக்கு அதுவும் முடங்கியது. ஆகஸ்ட் கடைசியில்தான் கதவைத் திறந்தார்கள். அதுவும் தவணை முறையில், 66 சதவீதம் வரைக்கும். மீதி 34? பல்வேறு வழக்குகள், விசாரணைகளில் முடக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. யாருடைய வழக்கு, எந்த விசாரணை, அதற்கும் சிவனே என்று ரூபாய் போட்டுவைத்திருந்த ஒரு ஸ்கூல் வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம்? கேட்டுப் பாருங்கள்.

இப்போது புரிகிறதா? திரையில் தெரிந்த ஒரு லட்சம், ரூபாய்தான். ஆனால் உங்கள் ரூபாய் இல்லை. அவர்கள் உங்களுக்குத் தரவேண்டிய ரூபாய்.

திருடு போகாத காயின்கள் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம் என்று கம்பெனி ஒரு யோசனையை முன்வைத்தது. அதாவது பக்கத்து வீட்டில் திருட்டுப் போனதற்கு உங்கள் வீட்டு அண்டாவையும் எடுத்துக்கொண்டு வா என்பது. கூச்சல் கிளம்பியதும் அந்த வடிவத்தைக் கைவிட்டார்கள். விவகாரம் சிங்கப்பூர் ஹைகோர்ட்டுக்குப் போனது. ஏன் சிங்கப்பூர்? ரூபாய்ப் பக்கம் ஒரு இந்தியக் கம்பெனி, கிரிப்டோ பக்கம் ஒரு சிங்கப்பூர் கம்பெனி. நீங்கள் பார்த்ததோ ஒரே ஆப், ஒரே லோகோ. அது போதாதென்று முதலாளி யார் என்பதிலேயே தகராறு. 2019 நவம்பரில், வாஸிர்எக்ஸை வாங்கிவிட்டோம் என்று பைனான்ஸ் அறிவித்தது. 2022 ஆகஸ்ட்டில் அமலாக்கத்துறை சுமார் 64 கோடி ரூபாயை முடக்கியதும், வாங்குகிற வேலை முடியவே இல்லை என்றார் பைனான்ஸ் தலைவர் சாங்பெங் ஜாவ். முடிந்தது என்றார் இந்தப் பக்கத்துக்காரர். லாபத்துக்கு இரண்டு அப்பன், நஷ்டத்துக்கு ஒருவனும் இல்லை.

2025 அக்டோபரில் சிங்கப்பூர் கோர்ட் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, எக்ஸ்சேஞ்ச் மறுபடி திறந்தது. நடுவில் பதினைந்து மாதம். பூட்டியபோது பிட்காயின் சுமார் 64,000 டாலர். 2024 டிசம்பரில் லட்சம் டாலரைத் தாண்டியது. ஏறினாலும் விற்க முடியாது, இறங்கினாலும் தப்பிக்க முடியாது. டிரேடிங் செய்யப் போனவர்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று மிட்டாய்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, எக்ஸ்சேஞ்ச்காரர் வியாபாரி. வியாபாரி முழு உண்மையையும் போர்டில் எழுதிவைப்பான் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டோம். பேங்கும் சர்க்காரும் என்ன செய்தார்கள்?

2018 ஏப்ரல் 6-ந் தேதி ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ ஆசாமிகளுக்கு எந்த பேங்கும் சேவை தரக்கூடாது. கிரிப்டோவைத் தடை செய்யவில்லை. வீட்டை இடிக்காமல் வாசலில் மட்டும் சுவர் எழுப்பினார்கள். எக்ஸ்சேஞ்சுகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2020 மார்ச் 4-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து போன நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். அவர் கேட்டது ரொம்ப எளிய கேள்வி. இந்த எக்ஸ்சேஞ்சுகளால் உங்கள் பேங்குகளுக்கு இதுவரை ஏதாவது பாதிப்பு வந்திருக்கிறதா? ரிசர்வ் பேங்கால் ஒன்றையும் காட்ட முடியவில்லை. தடையே இல்லாத ஒரு தொழிலின் மூச்சுக்குழாயை மட்டும் பிடித்து நசுக்குவது அளவுக்கு மீறிய நடவடிக்கை என்றார்கள். நியாயமான தீர்ப்பு என்பது என் கட்சி.

ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த மறுநாளே செய்திருக்க வேண்டிய வேலையை யாரும் செய்யவில்லை. சுவரை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் ஒரு நிலைப்படி, ஒரு கதவு, ஒரு வாட்ச்மேன் வைக்க வேண்டுமா இல்லையா? வைக்கவில்லை. பதிலாக முணுமுணுப்பு. தீர்ப்பு வந்து ஒரு வருஷம் கழித்தும் சில பேங்குகள், செத்துப்போன அந்த 2018 சுற்றறிக்கையைக் காட்டி வாடிக்கையாளர்களை மிரட்டிக்கொண்டிருந்தன. அதைக் காட்டக் கூடாது என்று 2021 மே 31-ல் ரிசர்வ் பேங்கே சொல்ல வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் காயின்பேஸ், பெங்களூரில் விழா எடுத்து, யு.பி.ஐ. மூலம் பணம் போடலாம் என்று அறிவித்தது. யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. அன்றைக்கே ஒரு அறிக்கை விட்டது. யு.பி.ஐ.யைப் பயன்படுத்தும் எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் எங்களுக்குத் தெரியாது! மூன்றே நாளில் கடை மூடப்பட்டது. ரிசர்வ் பேங்கின் மறைமுக அழுத்தம்தான் காரணம் என்று அடுத்த மாதம் வெளிப்படையாகவே சொன்னார் காயின்பேஸ் தலைவர் பிரையன் ஆர்ம்ஸ்ட்ராங்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? நேர்வழி சிணுங்கினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சந்துவழி போனார்கள். பி2பி என்று பெயர். நீங்கள் முன்பின் தெரியாத ஒருவருக்கு பேங்கிலிருந்து ரூபாய் அனுப்புகிறீர்கள், அவர் உங்களுக்குக் காயின் அனுப்புகிறார். விற்கும்போது இதுவே திருப்பி. ஒரு முன்பின் தெரியாதவர் உங்கள் அக்கவுண்ட்டில் நாற்பதாயிரம் போடுகிறார். அது யாரோ ஒரு ரிடையர்ட் பெரியவரை 'உங்கள் மீது கேஸ் இருக்கிறது' என்று போனில் மிரட்டிக் கறந்த பணமாக இருந்தால்? பெரியவர் 1930-க்குப் போன் போடுகிறார். சைபர் கிரைம் போலீஸ் பணம் போன தடத்தை அக்கவுண்ட் அக்கவுண்ட்டாகத் துரத்துகிறது. தடத்தில் உங்கள் அக்கவுண்ட். ஒரு காலையில் ஏ.டி.எம். கார்டு வேலை செய்யாது. பேங்க் மேனேஜரைக் கேட்டால், "எங்க கையில ஒண்ணும் இல்ல சார், வேற ஸ்டேட் போலீஸ் ஃப்ரீஸ் பண்ணச் சொல்லியிருக்காங்க" என்பார். உங்கள் சம்பளம், வீட்டுக்கடன் தவணை, பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதே அக்கவுண்ட்டில். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று நிரூபிக்க, மொழி தெரியாத ஊர் ஸ்டேஷனுக்குப் படியேற வேண்டும். அந்த டிரேடில் உங்களுக்குக் கிடைத்த லாபம் அறுநூறு ரூபாயாக இருந்திருக்கும்.

சர்க்காருக்கு வருகிறேன். இவர்களுக்குக் கிரிப்டோ பிடிக்காது, கிரிப்டோ வரி பிடிக்கும். 2022 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் கொண்டுவந்த ஏற்பாடு இது. லாபத்தில் 30 சதவீதம், அதன்மேல் செஸ். விற்கும்போதெல்லாம் விற்ற தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் உங்கள் கையில் நிகர வருமானம் பூஜ்யம். வரி 31,200 ரூபாய். எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் நான் பார்க்காத கணிதம். குதிரை ரேஸ்காரனை நடத்துகிற மாதிரி நடத்துகிறார்கள்.

டி.டி.எஸ். சின்ன விஷயம்போலத் தெரியும். டிரேடிங் செய்கிறவருக்கு அதுதான் பெரிய விஷயம். ஒரு லட்சத்தோடு இறங்குகிறீர்கள். விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஐம்பது தடவை வாங்கி விற்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் 1 சதவீதம் உருவினால் கடைசியில் கையில் சுமார் 60,500 மிஞ்சும். போன பணம் போனதல்ல, ரிட்டர்ன் தாக்கல் செய்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை உங்கள் முதல், வருமான வரி ஆபீஸில் வட்டியில்லாமல் தூங்கும். இந்தத் தொந்தரவு வேண்டாம் என்று நிறையப் பேர் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குத் தாவினார்கள். 2023 டிசம்பரில் அவற்றில் ஒன்பதுக்கு நிதி அமைச்சகத்தின் எஃப்.ஐ.யு. நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த மாதம் அவற்றின் வெப்சைட்டுகள் இங்கே முடக்கப்பட்டன.

வரி போடுகிறீர்களே, அப்படியானால் இது சட்டபூர்வமா என்று அப்போது பார்லிமெண்ட்டில் கேள்வி வந்தது. வரி போடுவது அரசின் உரிமை, சட்டபூர்வமா இல்லையா என்பது வேறு கேள்வி என்ற ரீதியில் பதில் சொன்னார் அமைச்சர். டோல்கேட்டில் காசு வாங்கிக்கொண்டு, இது ரோடா என்பது வேறு கேள்வி என்றால் எப்படி இருக்கும்?

இங்கே ஒரு விளம்பரத் தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். 'நாங்கள் எஃப்.ஐ.யு.வில் பதிவு செய்தவர்கள்' என்று எக்ஸ்சேஞ்சுகள் மெடல் மாதிரி மாட்டிக்கொள்கின்றன. 2023 மார்ச்சில் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் இவர்களைக் கொண்டுவந்ததால் ஏற்பட்ட பதிவு அது. அதன் அர்த்தம், உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பார்கள், சந்தேகமான பரிவர்த்தனை இருந்தால் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்வார்கள் என்பது. உங்கள் பணம் பத்திரம் என்று அதில் ஒரு எழுத்தும் கிடையாது. வாஸிர்எக்ஸும் எஃப்.ஐ.யு.வில் பதிவு செய்த கம்பெனிதான்.

கிரிப்டோ வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரேஸ், சீட்டுக் கம்பெனி, ஈமு கோழி எல்லாவற்றையும் பார்த்த ஊர் இது. யாரும் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் கேட்பது அந்த 'பணம் சேர்' பொத்தானுக்கு மேல் நாலு வரி. உங்கள் ரூபாய் எந்தக் கம்பெனியின் எந்த அக்கவுண்ட்டுக்குப் போகிறது, கம்பெனி பணத்தோடு கலக்குமா கலக்காதா, கம்பெனி விழுந்தால் உங்களுக்கு எந்த ஊர் கோர்ட், திருட்டுப் போனால் யார் தலையில். 'அதிக ரிஸ்க் உள்ளது' என்று விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்களே, அது இதற்குப் பதில் ஆகாது. விலை இறங்குகிற ரிஸ்க் எனக்குத் தெரியும் அய்யா. அது என் தலையெழுத்து. சாவி வைத்திருக்கிறவரின் ரிஸ்க்கை என் தலையில் கட்டுவதைத்தான் கேட்கிறேன்.

சட்டம் சொல்லாததைக் கடைசியில் ஒரு கோர்ட்தான் சொல்ல ஆரம்பித்தது. அதுவும் நம் சென்னையில். வாஸிர்எக்ஸில் சுமார் இரண்டு லட்ச ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. காயின் வாங்கி வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார். திருடு போனது வேறு வகைக் காயின்கள், என்னுடையதை ஏன் நஷ்டத்தில் சேர்க்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. ஒப்பந்தப்படி விவகாரத்தை சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில்தான் பேசவேண்டும், சென்னைக்கு இங்கே வேலையில்லை என்றது எதிர்த்தரப்பு. 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். கிரிப்டோ என்பது சொத்து. கையால் தொட முடியாவிட்டாலும், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து. நடுவர் மன்றம் முடிவு செய்யும்வரை அவருடைய பங்குக்குப் பாதுகாப்புக் கொடுங்கள். இடைக்கால உத்தரவுதான். ஆனாலும் என் பி.காம். கேள்விக்கு இந்த நாட்டில் ஒருவர் நேராகப் பதில் சொன்னது அங்கேதான்.

சென்னைக் கோர்ட் இதை விசாரிக்கலாம் என்பதற்கு நீதிபதி எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று, காயின் அல்ல, ஆப் அல்ல. அந்தப் பணம் சென்னையில் உள்ள ஒரு பேங்க் அக்கவுண்ட்டிலிருந்து கிளம்பியது என்பது.